வாளும் மாலையும்: கொலைப்பழியும் அதன் மீட்சியும் குறித்த ஓர் ஆய்வு

1. பொருள்நிலை

செய்யாத கொலைக்குத் தண்டம் பெற்ற ஒருவர் அப்பழி நீங்கி மீளும் கதை, தமிழ்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டும் கண்டும் பயின்ற ஒன்றாகும். அரிச்சந்திரன் கதையில் சந்திரமதி அத்தகைய தண்டம் பெறுகின்றாள். ஆசுகவிராயர் இயற்றிய அரிச்சந்திர புராணம் அதனைச் செய்யுளாகத் தந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் தெருக்கூத்து அதனை இரவு முழுதும் ஆடும் நாடகமாக வைத்திருக்கின்றது.

இக்கதையின் முடிவு பற்றித் திறனாய்வாளர் சிலர் குறை கூறுவர். அரிச்சந்திரன் ஓங்கிய வாள் சந்திரமதியின் கழுத்தில் மாலையாக விழுகின்றது, தெய்வங்கள் தோன்றுகின்றன, மாண்ட மகன் எழுகின்றான், இழந்த நாடு மீள்கின்றது. கதையின் முடிச்சு கதைக்குள் அவிழாமல் வெளியிலிருந்து அவிழ்க்கப்படுதல் கலைக்குக் குறையென்றும், தவறான தீர்ப்பைப் பொறுத்திருந்தால் தெய்வம் திருத்தும் என்னும் மடிமையை இது மக்களுக்கு ஊட்டுமென்றும் அவர்கள் கருதுவர். யாமும் வகுப்பறையில் பல்லாண்டு இவ்வாறே கூறிவந்தோம். ஏட்டில் மட்டும் கதையைக் கண்டார்க்கு இக்கருத்துப் பொருந்துவதாகவே தோன்றும். கூத்தில் கண்டபின் எம் கருத்து மாறிற்று. அம்மாற்றத்திற்குரிய காரணங்களை முறைப்படுத்திக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு மூன்றினை ஒருங்குவைத்து நோக்குவோம். ஒன்று, அரிச்சந்திரன் கூத்து. மற்றொன்று, சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டம். மூன்றாவது இலக்கியமன்று, 1944 முதல் 1947 வரை தமிழகத்தைக் கலக்கிய இலட்சுமிகாந்தன் கொலைவழக்கு. நூலையும் வழக்கையும் அருகருகே வைத்தல் முறையோ எனச் சிலர் ஐயுறலாம். பழியும் தீர்ப்பும் மீட்சியும் பேசும் நூலுக்கு, அம்மூன்றும் உலகில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதே உரைகல் ஆகுமென்பது எம் விடை.

2. கூத்தின் அளவு

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் யாம் கண்ட கூத்து, இரவு பத்துமணி அளவில் தொடங்கிற்று. மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்கக் கட்டியங்காரன் முதலில் தோன்றினான். அரசன் நாடு துறந்ததும், காசியில் மனைவியையும் மகனையும் விற்றதும், தானும் வீரவாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காத்ததும் நள்ளிரவிற்குள் நடந்து முடிந்தன. லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்தபின் கூத்தின் நடை மாறிற்று. தாய் பிணத்தைச் சுமந்து சுடலைக்கு வருதல், காவலன் கூலி கேட்டல், தாலியால் கணவன் மனைவியை அறிதல், கூலிக்காக அவள் மீண்டும் ஊருக்குள் செல்லுதல், வழியில் கிடந்த அரசகுமாரன் உடலைத் தன் மகனென மயங்கி எடுத்தல், காவலர் கையில் அகப்படுதல், கொலைத்தண்டம் பெறுதல் ஆகிய இவையெல்லாம் மூன்று மணி நேரத்திற்கு மேல் நீண்டன. ஒப்பாரி முடிவதற்குள் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிற்று.

வாள் மாலையாகும் காட்சிக்கு ஆன காலம் சில நிமிடங்களே. தெய்வவேடம் அரங்கிற்கு வரும்போதே மக்கள் எழுந்து பாயைச் சுருட்டலாயினர். அருகில் இருந்த முதியவர் ஒருவரை, முடிவு காணாமல் எழுவதேன் என வினவினோம். முடிவு எல்லார்க்கும் தெரிந்ததுதானே என்று கூறி அவரும் எழுந்தார்.

கூத்தில் ஒரு பொருளுக்கு ஒதுக்கப்படும் காலமே அதற்குத் தரப்படும் மதிப்பாகும். மூன்று மணிநேரம் துன்பத்திற்கும் சில நிமிடம் மீட்சிக்கும் எனப் பகுத்த கலைஞர், கதையின் எடை எங்குளது என்பதை நன்கு அறிந்தவரே. மாலையை அவர்கள் விலக்கவில்லை. அது மரபின் உடைமை. ஆயினும் அதனைக் கூத்தின் நடுவில் நிறுத்தவில்லை. நடுவில் நிற்பது, பழி சுமந்த ஒருத்தி வாளுக்குக் காத்திருக்கும் நேரம்.

இதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு. இப்பகுதிச் சுடுகாடுகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருத்தலைக் காணலாம். பாடையை அங்கு இறக்கித் திசைமாற்றி எடுப்பது வழக்கம். நாடு மீண்ட வேந்தனாக அன்று, சுடலை காத்த அடிமையாகவே மக்கள் அவனை நினைவில் நிறுத்தினர். புராணம் அவனை மீட்டது. ஊர் அவனை வாயிலிலேயே இருத்திக்கொண்டது.

3. கையிற் பொருளும் கண்ட பழியும்

இனி, தீர்ப்புத் தவறும் வகையைக் காண்போம். சந்திரமதிக்கு எதிராக இருந்த சான்று யாது? இறந்த குழந்தை அவள் கையில் இருந்தது, அவ்வளவே. கொன்றவர் கள்வர். அவர்களைத் தேடியவர் இல்லை. அவள் அடிமை, பெண், ஊருக்குப் புதியவள், நள்ளிரவில் தனித்து வந்தவள். இந்நான்கும் சேர்ந்து சான்றின் இடத்தை நிரப்பின.

யாம் கண்ட கூத்தில் கட்டியங்காரன் இவ்விடத்தில் ஒரு வேலை செய்தான். காவலரை நோக்கி, நீர் வெட்டக் கண்டீரா, கத்தியைக் கண்டீரா, குருதியைக் கண்டீரா என ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொன்றிற்கும் இல்லை என்பதே விடை. அவையோர் நகைத்தனர். பின்னர் அரசன் தண்டம் கூறியபோது அந்நகை அடங்கிற்று. குறுக்கு விசாரணை என இன்று வழங்கும் முறை முழுதும் நகைச்சுவையாக நடந்தது. தீர்ப்பு அதனைக் கேளாமலே வந்தது. நகைப்பவன் கேட்டதை ஆள்பவன் கேட்கவில்லை என்பதனைக் கூத்து சொல்லாமற் சொல்லிற்று.

கோவலன் மேல் சுமத்தப்பட்டது களவு, கொலையன்று. ஆயினும் அவன் பெற்ற தண்டம் உயிர்த்தண்டம் ஆதலானும், தீர்ப்புத் தவறிய முறை ஒன்றாதலானும் ஈண்டு அவனையும் சேர்த்து எண்ணுதல் தகும். பாண்டியன் இட்ட ஆணை, சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று கொணர்க என்னும் கருத்துடையது. அஃது ஐயத்திற்கு இடம் வைத்த ஆணை போலத் தோன்றினும், உண்மையில் இடம் வைக்கவில்லை. கையில் இருத்தலே களவுக்குப் போதிய சான்று என்னும் துணிபு அதனுள் அடங்கியுள்ளது. சந்திரமதி கையில் உடல். கோவலன் கையில் சிலம்பு. இரண்டிலும், கையில் ஏன் வந்தது என்னும் வினா எழவில்லை.

கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் இதனினும் நுணுகிச் செல்கின்றார். கோவலனைக் கண்ட காவலர் ஐயுறுகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியான் தோற்றமன்று என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர் கைக்கொள்ளும் துணைகள் எட்டினை அடுக்கிக் கூறுகின்றான். அவன் கூற்றில் கோவலனைப் பற்றிய செய்தி ஒன்றேனும் உண்டா எனத் தேடினால் இல்லை. கள்வர் என்னும் இனத்தைப் பற்றியே முழுதும் பேசுகின்றான். கள்வர் வல்லவர், ஆதலின் கள்வனாகத் தோன்றாமையும் களவின் வன்மையே என்பது அவன் வாதம். இவ்வாதத்திற்கு முன் எவனும் குற்றமற்றவனாக நிற்றல் இயலாது. எழுந்த ஐயம் கோவலனுக்குப் பயன்படாமலே அடங்கிற்று. கல்லாதவன் ஒருவன் வாளை எறிந்தான்.

ஒருவன் செய்ததை விடுத்து அவன் இனம் செய்யும் என நம்பப்படுவதைச் சான்றாக்கும் இம்முறை பழங்கதையோடு ஒழிந்ததன்று. இருளர் குடிகள் மேல் பொய்யான திருட்டு வழக்குகள் புனையப்படுவதை எதிர்த்துத் திண்டிவனத்தை இடமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்களும் பல்லாண்டுகளாகப் போராடி வருதலை இப்பகுதியினர் அறிவர். பொற்கொல்லன் அடுக்கிய எட்டுத் துணைகளை மாணவர்க்கு உரைவழிக் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியேயும் அவ்வாதம் ஒலிப்பதைச் சுட்டுதல் கடமையாகும்.

4. கண்ணகியின் முறையீடு

தவறிய தீர்ப்பைத் திருத்துதற்கு இருவகை வழிகள் இலக்கியத்தில் உள. தெய்வம் வந்து திருத்துதல் ஒன்று. மனிதர் சான்று காட்டித் திருத்துதல் மற்றொன்று. அரிச்சந்திரன் கதை முன்னதைக் கொண்டது. அங்குச் சந்திரமதி கொல்லவில்லை என்பது எந்த அவையிலும் மெய்ப்பிக்கப்படவில்லை. வாள் மறுத்தமையால் தண்டம் நின்றது.

வழக்குரை காதை பின்னதைக் கொண்டது. கண்ணகி பத்தினித் தெய்வமாகப் போற்றப்படுபவள். எனினும் பாண்டியன் அவையில் அவள் தெய்வ ஆற்றலால் வழக்கு வெல்லவில்லை; மதுரை எரிந்தது தீர்ப்புத் திருந்திய பின்னரே. அவையில் அவள் செய்தது சான்று காட்டுதல். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். தன் அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் அரசன். இருவர் கூற்றும் முதலில் அவையில் நின்றன. பின்னரே சிலம்பு உடைந்தது. தெறித்தது மாணிக்கம். ஆய்வுக்கு முன்னரே இருதரப்பும் தம் கூற்றை வரையறுத்தமையால், ஆய்வின் முடிவை மறுக்க எவர்க்கும் வழியில்லை. இதனினும் தூய சான்றுமுறையை இக்கால நீதிமன்றமும் வேண்டாது.

ஆகவே, தமிழிலக்கியம் தவறான தீர்ப்பைத் தெய்வத்திடமே விட்டுவிட்டது என்னும் கூற்றுப் பொருந்தாது. மேல்முறையீடு என்னும் நடைமுறை இல்லாத உலகில், தன் தீர்ப்புக்கு எதிராகத் தன் அவையிலேயே வழக்குரைக்க ஒரு பெண்ணுக்கு வாயில் திறந்த அரசனை இளங்கோ படைத்தார். ஆயின் அவ்வாயில் திறந்தது கோவலன் இறந்தபின். உண்மை வென்றது, உயிர் மீளவில்லை. அரிச்சந்திரன் கதையில் உயிர் மீண்டது, உண்மை ஆராயப்படவில்லை. இரண்டும் ஒருங்கே கிட்டும் கதை இவற்றுள் இல்லை. உலகில் உண்டோ என்பதே அடுத்த வினா.

5. இலட்சுமிகாந்தன் வழக்கு

சி. என். இலட்சுமிகாந்தன், ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களில் திரைப்படக் கலைஞர்தம் தனிவாழ்வைப் பழித்தெழுதியவர். 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்துண்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ்சாட்டப் பெற்றார். அவர் விசாரணையிலேயே விடுதலை பெற்றார். ஜூரிகளுடன் அமர்ந்து நீதிபதி மாக்கெட் விசாரித்த அவ்வழக்கில், கொலைச்சதிக் குற்றத்திற்காகப் பாகவதர்க்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதத்தில் வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் அப்ரூவர் ஒருவரின் சான்று பெரிதும் ஆளப்பட்டது. குற்றத்தில் தனக்கும் பங்குண்டு எனக் கூறிப் பிறரைக் காட்டுபவரே அப்ரூவர் எனப்படுவார். அன்று நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம், அத்தகையோர் கூற்றைப் பிற சான்றின் துணையின்றி நம்புதல் தகாதென எச்சரித்தது. பொற்கொல்லனை ஈண்டு நினைவுகூர்தல் இயல்பே. எனினும் வேறுபாடும் காணவேண்டும். அவன் தன் களவை மறைத்துப் பிறனைக் காட்டினான். அப்ரூவரோ தன் பங்கை ஒப்பியே பிறரைக் காட்டுகின்றார். ஆயினும் தன்னைக் காத்தற்குப் பிறரைக் காட்டும் நாவை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா இரண்டிற்கும் பொது.

உயர்நீதிமன்றம் தன் முதனிலை அமர்வில் ஜூரிகளுடன் விசாரித்த குற்றவழக்கில், நிகழ்ச்சியின் உண்மைபற்றி மேல்முறையீடு செய்யும் வழி 1943-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் பிறந்தது. அவ்வழியாகச் சென்ற மேல்முறையீடு 1945 அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. பின்னர் வழக்கு கடல்கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. பெயர்பெற்ற வழக்கறிஞர் டி. என். பிரிட் அங்கு வாதாடினார். மேல்முறையீட்டை மீண்டும் ஆராயுமாறு அம்மன்றம் சென்னை உயர்நீதிமன்றத்திற்குத் திருப்பியனுப்பிற்று. நீதிபதிகள் ஹாப்பெலும் ஷஹாபுதீனும் ஆராய்ந்து, 1947 ஏப்ரல் 25-ஆம் நாள் இருவரையும் விடுவித்தனர். கைதான நாள்தொட்டு ஏறத்தாழ இரண்டாண்டும் நான்கு திங்களும் கழிந்தன.

வாளை மாலையாக்கியது இங்குத் தெய்வமன்று. தாள்களும், வழக்கறிஞர் நாவும், மனைவி டி. ஏ. மதுரம் போன்றோர் தளராது செய்த முயற்சியும், பெரும்பொருட் செலவும், தம் மன்றத்தின் முன்முடிவையே மீண்டும் எடைபோட இசைந்த இருவர் மனமும் சேர்ந்து ஆக்கின. கண்ணகியின் சான்றுமுறையும் சந்திரமதியின் உயிர்மீட்சியும் ஒரு வழக்கில் ஒருங்கு கூடின எனலாம்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. கதையில் உண்மைக் கள்வர் யார் என்பது கேட்போர்க்குத் தெரியும். இவ்வழக்கிலோ இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. நீதிமன்றம் விடுதலை செய்தபோது கூறுவது, சுமத்திய குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே. அதற்குமேல் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அறம். இருப்பினும் ஊர்வாய் கேட்டுக்கொண்டேயிருந்தது. வாள் மாலையானதை அவையோர் கண்ணாற் கண்டனர். தீர்ப்பு மாறியதைத் தாளில் படித்தனர். கண்டதற்கும் படித்ததற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

6. மீளாதவை

பாகவதர் சிறுவராக முதன்முதல் மேடையேறியது அரிச்சந்திரன் நாடகத்தில். ஏற்ற வேடம் லோகிதாசன். திருச்சியில் எப். ஜி. நடேசையர் நடத்திய நாடகம் அது. தாய் கொலைப்பழி சுமக்கும் கதையில், இறந்து கிடந்து இறுதியில் எழும் மகனாக நடித்த சிறுவர், பின்னாளில் தாமே அப்பழி சுமந்தார். இதனை ஊழெனக் கூறி வியத்தல் எம் கருத்தன்று. நாடகத்திற்கும் வாழ்விற்கும் முடிவு வேறுபட்ட இடத்தைக் காட்டுதற்கே இதனைக் குறித்தோம்.

1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அதில் நடித்த இருவரும் சிறையில் இருந்த காலமெல்லாம் அவர்தம் உருவம் வெள்ளித்திரையில் ஆடிப்பாடிற்று. விடுதலைக்குப்பின் வந்த பாகவதரின் ‘ராஜமுக்தி’ 1948-இல் வெளிவந்து தோல்வியுற்றது. குரலும் உருவமும் இருந்தன, காலம் மாறிவிட்டது. பழைய பெருநிலையை அவர் மீண்டும் எய்தவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் நாள் மறைந்தார். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ முதலிய படங்களால் மீண்டும் ஓங்கினார். ஒரே தீர்ப்பு இருவரையும் விடுவித்தது. இருவர்க்கும் மீண்டது ஒன்றாக இல்லை. பறித்ததைத் திருப்பித்தரும் ஆற்றல் தீர்ப்புக்கு இல்லை, பறிப்பதை நிறுத்தும் ஆற்றலே உண்டு என்பது இதனால் தெளிவாம்.

பிறநாட்டு வழக்குகளும் இதனையே காட்டும். பிரான்சு நாட்டுத் தூலூசு நகரில் மகனைக் கொன்றதாகப் பழிசுமந்த ழான் காலா 1762-இல் கொல்லப்பட்டார். வால்தேர் எழுதியும் போராடியும் 1765-இல் அவர் குற்றமற்றவர் என நிறுவச் செய்தார்; இது கோவலன் வகை. ஸ்காத்லாந்தில் 1909-இல் கொலைத்தண்டம் பெற்று, அது வாழ்நாள் தண்டமாகக் குறைக்கப்பட்ட ஆஸ்கர் சிலேட்டர், பதினெட்டாண்டிற்கு மேல் சிறையிருந்தபின் 1927-இல் வெளிவந்தார். 1928-இல் அவர் தண்டம் தள்ளப்பட்டது. எழுத்தாளர் கானன் டாயில் அவர்க்காகப் பல்லாண்டு வாதிட்டார். அந்நாட்டில் குற்ற மேல்முறையீட்டு மன்றமே 1926-இல்தான் தோன்றியமையால், பழைய வழக்காகிய அதனை ஆராயத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. நம் நாட்டில் 1943-ஆம் ஆண்டுத் திருத்தம் செய்ததும் இத்தகையதே. மீட்சிக்கு முன் மீட்சிக்குரிய வழியை வெட்டவேண்டியிருந்தது.

7. முடிவு

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். அரிச்சந்திரன் கதையின் முடிவு மக்களை மடிமைக்கு ஆளாக்கும் என்னும் குறை, கதைச்சுருக்கத்தை மட்டும் நோக்கியவர் கூறும் குறையாம். கூத்து அக்கதையை ஆடும் அளவு வேறு. தண்டத்திற்கும் மீட்சிக்கும் இடைப்பட்ட காலமே அதன் உயிர்நிலை. மேல்முறையீடு என்பது இல்லாத உலகில் அவ்விடைக்காலத்தைக் கடத்தற்கு ஒரு வழியும் தெரியாமல் மக்கள் தெய்வத்தை வைத்தனர். ஆயினும் தெய்வம் வருமுன் அழவேண்டியதை அழுது முடித்தனர். வந்தபின் பாயைச் சுருட்டினர். தீர்ப்பு மாறுதல் வேறு, இழந்தது மீளுதல் வேறு என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு, சுடுகாட்டு வாயிலில் இன்றும் நிற்கும் அரிச்சந்திரன் கல் சான்றாகும்.

தமிழில் இன்னும் எழுதப்படாத காப்பியம் ஒன்றுண்டு. தாளும் தடையுமாக, ஒரு மன்றத்திலிருந்து மறுமன்றத்திற்கு, நம்பிக்கையைக் கையிற் பிடித்து நடக்கும் மனிதரின் கதையே அது. கண்ணகி அதன் முதற்காதையைப் பாடவைத்தாள். இடைக்காதைகளை விழுப்புரம் நீதிமன்ற வளாகத்து மரநிழலில் கட்டுகளுடன் காத்திருக்கும் குடும்பங்கள் நாள்தோறும் வாழ்ந்து வருகின்றன. அவற்றைக் காணும் கண் நம் இலக்கியக் கல்விக்கு வேண்டும் என்பது எம் துணிபு. இதனை அறிஞர் ஆய்ந்து குறைகண்டு கூறுவாராயின் ஏற்று மகிழ்வோம்.